மழைநீரும் மனை விதியும்

ஒரு கார்த்திகை மாதம். தொடர்மழைக்காக விடப்பட்ட நான்கு நாள் விடுமுறைக்குப் பின் கல்லூரி திறந்திருந்தது. வகுப்பில் பாய்மங்களின் இயக்கம் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். “நீர் எப்போதும் பள்ளத்தை நோக்கியே ஓடும்” என்று சொன்னபோது, தண்டையார்பேட்டையிலிருந்து வரும் மாணவன் ஒருவன் எழுந்தான்.

“சார், எங்க தெருவிலிருந்து கடல் கூப்பிடு தூரந்தான். கடலைவிடப் பள்ளம் வேறே ஏது? அப்படியிருந்தும் மழை நின்னு மூணு நாளாச்சு, தண்ணி இன்னும் வடியலையே, ஏன்?”

நல்ல கேள்வி. அன்றைய பாடம் முழுவதும் அந்தக் கேள்விக்கான விடையாகவே அமைந்துவிட்டது. விடையின் ஒரு பாதி இயற்பியலில் இருக்கிறது. மறு பாதி, நாம் வீடு கட்டும்போது கடைப்பிடிக்க வேண்டிய மனை விதிகளில் இருக்கிறது. இரண்டையும் இங்கே பார்ப்போம்.

கடல் அருகில், வழி தொலைவில்

கடற்கரையை ஒட்டி, அலைகள் காலங்காலமாகக் குவித்த மணல் மேடாக நிற்கும். அதற்குப் பின்னே நிலம் சற்றுத் தாழ்ந்திருக்கும். சோழமண்டலக் கரையில் பல இடங்களில் இந்த அமைப்பைக் காணலாம். சென்னையிலிருந்து வடக்கே எண்ணூர் வரை 1806-இல் வெட்டப்பட்ட உப்பு நீர்க் கால்வாய், கரைக்கு இணையாகவே செல்கிறது. பின்னர் தெற்கிலும் வடக்கிலும் நீட்டப்பட்டு, 1878-இல் அதற்குப் பக்கிங்காம் கால்வாய் என்று பெயர் சூட்டினார்கள். அக்காலத்தில் அது படகுப் போக்குவரத்துக்கு உரிய வழி. இன்று வடசென்னையின் முக்கிய வடிகால் அதுவே.

தண்டையார்பேட்டைப் பகுதியில் விழும் மழைநீரின் பெரும் பகுதி நேரே கிழக்கு நோக்கிக் கடலில் போய் விழுவதில்லை. தெருவோர வடிகாலில் இறங்கி, கேப்டன் காட்டன் கால்வாய், கொடுங்கையூர்க் கால்வாய் போன்றவற்றின் வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, வடக்கே பல கிலோமீட்டர் சென்று, எண்ணூர்க் கழிமுகத்தில்தான் கடலைச் சேர வேண்டும்.

நீர் ஓடுவதற்கு மட்ட வேறுபாடு வேண்டும். மின்னோட்டத்திற்கு மின்னழுத்த வேறுபாடு எப்படியோ, அப்படியே இது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கால்வாயின் தொடக்கத்தில் நீர்மட்டம் கடல் மட்டத்தைவிட 2 மீட்டர் உயரம் என்றும், வழியின் நீளம் 10 கிலோமீட்டர் என்றும் கொள்வோம். சரிவு 5,000-க்கு 1. அதாவது, ஒவ்வொரு மீட்டர் தூரத்திற்கும் 0.2 மில்லிமீட்டர் இறக்கம். உங்கள் நோட்டுப் புத்தகத்தில் இரண்டு தாள்களின் கனம்!

இதிலும் கடல் பங்கு கேட்கும். சென்னைக் கரையில் ஓதம் நாளொன்றுக்கு இருமுறை ஏறி இறங்குகிறது. அமாவாசை, பௌர்ணமி நாட்களில் இந்த ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர் அளவுக்கு இருக்கும். நம் கணக்கில் கடல் ஒரு மீட்டர் உயர்ந்தால் சரிவு பாதியாகிவிடும். திறந்த கால்வாயில் நீரின் வேகம் சரிவின் வர்க்கமூலத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பதால், வேகம் பத்தில் ஏழு பங்காகக் குறையும். புயல் வந்தால் இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். காற்றழுத்தம் 1 மில்லிபார் குறைந்தால் கடல் மட்டம் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் உயரும். அழுத்தம் 20 மில்லிபார் குறைந்த புயல், கடலை 20 சென்டிமீட்டர் தூக்கிவிடும். புயற்காற்று கரை நோக்கித் தள்ளும் நீர் இதற்கு மேல்.

ஆகவே, மழை மிகுதியாகப் பெய்யும் நேரமும் கால்வாய் மிக மெதுவாக ஓடும் நேரமும் பெரும்பாலும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. அதுவரை நீர் எங்கேயாவது காத்திருக்க வேண்டும். நாம் அதற்கு இடம் ஒதுக்காவிட்டால் அது தெருவிலும் வீட்டிலும் காத்திருக்கும்.

ஒரு கிரவுண்டு மழை

காத்திருக்க வேண்டிய நீர் எவ்வளவு? ஒரு கிரவுண்டு மனையை எடுத்துக்கொள்வோம். 2,400 சதுர அடி. ஏறக்குறைய 223 சதுர மீட்டர். அதில் ஒரு மணி நேரத்தில் 5 செ.மீ. மழை பெய்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் சென்னைக்கு இது புதிதன்று.

223 × 0.05 = 11.15 கன மீட்டர். அதாவது, 11,150 லிட்டர்.

இந்த நீர் முழுவதும் தெருவுக்கு வருவதில்லை. ஒரு பகுதி மண்ணில் இறங்கும். எஞ்சி வழிந்தோடும் பங்கைக் குறிக்கும் எண்ணுக்கு ஓடுநீர்க் கெழு என்று பெயர். செடி கொடிகள் உள்ள மணல் நிலத்திற்கு அதை 0.3 என்றும், சிமென்டுத் தளத்திற்கு 0.9 என்றும் கொள்ளலாம்.

ஓடுநீர் = கெழு × மழையின் அளவு × பரப்பு

மனை வெறும் நிலமாக இருந்தபோது: 0.3 × 11,150 = 3,345 லிட்டர்.
முழுவதும் தளம் போட்ட பிறகு: 0.9 × 11,150 = 10,035 லிட்டர்.

வேறுபாடு ஏறக்குறைய 6,700 லிட்டர். ஒரு மனைக்கு இது சிறியதாகத் தோன்றலாம். ஆயிரம் கிரவுண்டு நிலம் இப்படி மாறினால் 67 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகளில் ஏற்றினால் 558 லாரிகள்! அத்தனையும் ஒரே மணி நேரத்தில், பழைய வடிகாலுக்குள்ளேயே போக வேண்டும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஒரு மாடிக் கட்டடமும் ஐந்து மாடிக் கட்டடமும், கூரைப் பரப்பு சமமானால், ஒரே அளவு மழையைத்தான் பிடிக்கின்றன. வெள்ளத்திற்குக் காரணம் கட்டடத்தின் உயரம் அன்று. அது தரையை மூடும் பரப்பே. வீட்டைச் சுற்றி விட்ட இடத்தையும் சிமென்டு பூசி மூடிவிட்டால், அந்த இடத்தை விட்டதன் பயனில் பாதி போய்விடுகிறது.

செய்து பாருங்கள்

30 செ.மீ. நீளமும் 20 செ.மீ. அகலமும் உள்ள இரண்டு பிளாஸ்டிக் தட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் ஒரு விளிம்பிலும் நீர் வழிய ஒரு சிறு வெட்டு வையுங்கள். ஒரு தட்டில் 5 செ.மீ. உயரத்திற்கு உலர்ந்த மணலைப் பரப்பி, மணலின் மட்டத்திலேயே வெட்டு இருக்குமாறு பாருங்கள். மற்றதில் ஒரு பலகையை வைத்து, பாலித்தீன் தாளால் மூடுங்கள். இதிலும் வெட்டு, தாளின் மட்டத்திலேயே இருக்க வேண்டும். இரண்டையும் வெட்டு உள்ள பக்கம் சற்றே தாழ்ந்திருக்குமாறு வைத்து, கீழே பாத்திரம் வையுங்கள்.

தட்டின் பரப்பு 600 சதுர செ.மீ. ஆகவே பூவாளியால் 600 மில்லிலிட்டர் நீர் தெளித்தால் அது 1 செ.மீ. மழைக்குச் சமம். முதல் 600 மில்லிலிட்டரைத் தெளியுங்கள். பாலித்தீன் தட்டிலிருந்து ஏறக்குறைய எல்லாம் உடனே வெளியே வந்துவிடும். மணல் தட்டிலிருந்து சிறிதே வரும், அல்லது வரவே வராது. இரண்டாவது 600-ஐத் தெளிக்கும்போது மணலிலிருந்தும் நீர் வழியத் தொடங்கும். மூன்றாவது 600, மணலிலிருந்தும் பெரும்பாலும் அப்படியே வெளியேறும்.

காரணம் எளிது. மணலில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இடைவெளி. 3,000 கன செ.மீ. மணலில் சுமார் 1,000 கன செ.மீ. நீருக்குத்தான் இடம். அது நிறைந்த பின் மணலும் சிமென்டு போலவே நடந்துகொள்கிறது. தொடர்ந்து நான்கு நாள் மழை பெய்து நிலத்தடி நீர் தரைக்கு அருகில் வந்துவிட்டால் உறிஞ்சு குழிகள் அவ்வளவாக உதவாமல் போவது இதனால்தான். மண் ஒரு தொட்டி. ஆனால் அளவுள்ள தொட்டி.

விதிகள் வந்த வரலாறு

நம் நகரில் மனைக்கும் கட்டடத்திற்கும் விதி வகுக்கும் அதிகாரம், 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்திலிருந்து வருகிறது. சென்னைப் பெருநகருக்கான முதல் முழுமைத் திட்டம் 1976-இல் அரசின் ஒப்புதல் பெற்றது. இரண்டாம் திட்டம் 2008 செப்டம்பரில் வந்தது. 2019 பிப்ரவரியில், மாநிலம் முழுவதற்குமான ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வெளியாயின. தெருவின் அகலம், மனையைச் சுற்றி விட வேண்டிய இடம், கட்டடத்தின் உயரம் ஆகியவற்றை இவை வரையறுக்கின்றன. மனைப் பரப்பைப்போல் எத்தனை மடங்கு தளப் பரப்பு கட்டலாம் என்பதற்கும் ஓர் எண் உண்டு. சாதாரணக் கட்டடங்களுக்கு 1.5 ஆக இருந்த அந்த எண், 2019 விதிகளில் 2 ஆக உயர்ந்தது.

மழைநீரைப் பற்றிய பெரிய திருப்பம் 2003-இல் நிகழ்ந்தது. அவ்வாண்டு ஓர் அவசரச் சட்டத்தின் மூலம், தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. பொதுவாகப் புதிய விதி புதிய கட்டடங்களையே கட்டுப்படுத்தும். பழைய வீடுகளுக்கும் சேர்த்து வந்தது இதன் சிறப்பு. அப்போதைய கவலை வறட்சி, குடிநீர்ப் பஞ்சம். அந்தத் தேவைக்கு அது நல்ல விதி.

ஆனால் வெள்ளத்தின் கணக்கு வேறு. வறட்சிக்கு வேண்டியது ஆண்டு முழுவதும் மண்ணில் இறங்கிய மொத்த லிட்டர். வெள்ளத்திற்கு வேண்டியது, மழை கொட்டும் ஒரு மணி நேரத்தில் மனையைவிட்டு வெளியேறும் லிட்டர். சேகரிப்பு விதி, “குழி வெட்டினாயா? குழாய் இணைத்தாயா?” என்று கேட்கிறது. “நொடிக்கு எத்தனை லிட்டர் தெருவில் விடுகிறாய்?” என்று கேட்பது வெள்ளத்தை மனத்தில் கொண்ட விதி. விதி திருத்தப்பட வேண்டுமானால், ஒவ்வொரு மனைக்கும் இந்த இரண்டாவது கேள்வியும் அதில் இடம்பெற வேண்டும் என்பதே என் கருத்து.

சிங்கப்பூர் காட்டும் வழி

இப்படியும் விதி எழுத முடியுமா? எழுதியிருக்கிறார்கள். சிங்கப்பூரும் நம்மைப்போல் கனமழை பெய்யும், கடல் சூழ்ந்த, தாழ்ந்த நிலம். அங்கே 2014 ஜனவரி முதல், 0.2 ஹெக்டேரும் அதற்கு மேலும் பரப்புள்ள மனையில் புதிதாகக் கட்டுவோர், உச்ச நேரத்தில் வெளியேறும் நீரை ஓர் அளவுக்குள் கட்டுப்படுத்த வேண்டும். கெழு 0.55 ஆக இருந்தால் எவ்வளவு வெளியேறுமோ, அதற்கு மேல் போகக் கூடாது. தொட்டி கட்டலாம், தோட்டம் அமைக்கலாம். எப்படிச் செய்வது என்பது கட்டுவோரின் விருப்பம். விதி விளைவை மட்டும் அளக்கிறது.

நம் கிரவுண்டுக்குத் திரும்புவோம். மணிக்கு 3,345 லிட்டர் என்றால் நொடிக்கு 0.93 லிட்டர். தளம் போட்ட பிறகும் இதற்கு மேல் வெளியே விடாமல் இருக்க என்ன வேண்டும்? 3 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் ஆழம் உள்ள ஒரு தொட்டி. கொள்ளளவு 8,100 லிட்டர். அடியில் 2 செ.மீ. விட்டமுள்ள ஒரு துளை. அவ்வளவுதான்!

டாரிசெல்லியின் விதியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். தொட்டி நிறைந்திருக்கும்போது துளையில் நீரின் வேகம் √(2 × 9.8 × 1.5), அதாவது நொடிக்கு 5.4 மீட்டர். துளையின் பரப்பு 3.14 சதுர செ.மீ. வெளிவரும் தாரை சுருங்குவதையும் கணக்கில் கொண்டு 0.6-ஆல் பெருக்கினால், நொடிக்கு 1 லிட்டர் அளவில் வருகிறது. தொட்டி நிறையாத வேளையில் இதைவிடக் குறைவு. மழை நின்ற பின் நான்கு மணி நேரத்திற்குச் சற்று மேலாகத் தொட்டி மெல்ல வடியும். அதற்குள் ஓதமும் இறங்கத் தொடங்கியிருக்கலாம். பதினேழாம் நூற்றாண்டு இத்தாலியரின் ஒரு சூத்திரம், நம் தெருவைக் காக்க உதவுகிறதல்லவா?

ஒரு நிபந்தனை உண்டு. தொட்டியின் அடி, தெரு வடிகாலின் நீர்மட்டத்தைவிட உயரத்தில் இருக்க வேண்டும். நிலத்தடித் தொட்டியானால் மோட்டார் வைத்து இறைக்க வேண்டும்; அல்லது அந்த நீரை வீட்டு உபயோகத்திற்கு எடுத்துக்கொண்டு, அடுத்த மழைக்குமுன் இடம் ஒழித்து வைக்க வேண்டும்.

மேடு தூக்கினால் தீருமா?

தொட்டி கட்டுவதைவிட எளிதாக ஒன்றை எல்லோரும் செய்கிறார்கள். மண் கொட்டி மனையை உயர்த்திவிடுகிறார்கள். நம் வீட்டுக்குள் நீர் வராது; உண்மைதான். ஆனால் நீர் எங்கே போகிறது?

ஒரு தாழ்ந்த தெருவில் சம அளவுள்ள பத்து மனைகளில் 20 செ.மீ. நீர் நிற்கிறது என்று கொள்வோம். ஐந்து மனைக்காரர்கள் மண் கொட்டி உயர்த்துகிறார்கள். நீரின் கன அளவு மாறவில்லை, பரப்பு பாதியாயிற்று. எஞ்சிய ஐந்து வீடுகளில் 40 செ.மீ.! முழங்காலுக்குக் கீழே நின்ற நீர் கட்டிலைத் தொடும். உயர்த்த வசதியில்லாதவர் வீட்டில்தான் அது நிற்கும்.

சாலைகளும் இதையே செய்கின்றன. பழைய தாரின் மேலேயே ஒவ்வொரு முறையும் 5 செ.மீ. தார் போட்டால், பத்து முறையில் சாலை அரை மீட்டர் உயர்ந்துவிடும். வடசென்னையின் பழைய தெருக்களில் வாசற்படி இறங்கி வீட்டுக்குள் நுழைய வேண்டிய வீடுகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். முன்பு படியேறி நுழைந்த வீடுகள் அவை. பழைய படலத்தைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய தார் போட வேண்டும் என்று 2021-இல் அரசின் தலைமைச் செயலர் அறிவுறுத்தினார். மனைகளுக்கும் இத்தகைய கட்டுப்பாடு தேவை. “தரையை உயர்த்துகிறாயா? அதனால் இடம்பெயரும் நீருக்கு உன் மனையிலேயே இடம் கொடு” என்று விதி சொல்ல வேண்டும்.

எல்லா மனைக்கும் ஒரே விதியா?

தண்டையார்பேட்டையில் நடந்து பாருங்கள். கால் கிரவுண்டிலும் அரைக் கிரவுண்டிலும், சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். 3 மீட்டர் தொட்டிக்கு அங்கே இடம் ஏது? அதே வட்டாரத்தில் இரயில்வே யார்டுகள், கிடங்குகள், பெட்டக முனையங்கள், தொழிற்சாலைகள் எனப் பரந்த தளங்களும் உள்ளன. 0.2 ஹெக்டேர் என்பது ஏறக்குறைய 9 கிரவுண்டு. அப்படிப்பட்ட ஒரு தளத்தில் 5 செ.மீ. மழை பெய்தால் ஒரு லட்சம் லிட்டர். ஆகவே, பெரிய தளங்களுக்குக் கண்டிப்பான அளவும், சிறிய வீடுகளுக்குத் தெருவுக்கு ஒரு பொதுத் தொட்டியும் என்று விதி அமைவதே நியாயம். சுமையைத் தாங்கக்கூடியவர் மேல் ஏற்றுவது இயற்பியலுக்கும் பொருத்தம். பரப்பு மிகுந்த இடத்தில்தான் நீரும் மிகுதி.

மண்ணின் நிலையையும் பார்க்க வேண்டும். 2013-இல் தண்டையார்பேட்டையில் திருவொற்றியூர் நெடுஞ்சாலைப் பகுதியின் நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்திருப்பது தெரியவந்தது. அத்தகைய இடத்தில் உறிஞ்சு குழி வெட்டினால், மாசு மேலும் பரவக்கூடும். அங்கே ஏற்றது தொட்டியே. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது, மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. மீனவர்களின் படகுகளும் வலைகளும் பாழாயின. நீர் வழியில் எது இருந்தாலும் வெள்ளம் அதைக் கூட்டிச் செல்லும். எனவே தொழிற்சாலை மனையில், தரையில் விழும் மழைநீர் எண்ணெயைத் தொடாமல் பிரித்து வைப்பதும் வெள்ள விதியின் ஒரு பகுதியே.

வடிகால்களைப் பெரிதாக்குவதும் அவசியந்தான். கொசஸ்தலையாற்று வடிநிலத்தில் 588 கி.மீ. நீளத்திற்குப் புதிய மழைநீர் வடிகால்கள் அமைக்கும் திட்டத்திற்கு 2021-இல் ஆசிய வளர்ச்சி வங்கி கடன் அளிக்க ஒப்புதல் தந்தது. ஆயினும் வடிகாலின் மறுமுனையில் இருப்பது அதே கடல், அதே ஓதம். குழாயை அகலப்படுத்தலாம், கடலைத் தாழ்த்த முடியாது.

விதி எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்றும் நான் சொல்லவில்லை. 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில், 24 மணி நேரத்தில் நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ., தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பெய்தது. 29 செ.மீ. மழை என்றால் ஒரு கிரவுண்டில் 64,000 லிட்டருக்கு மேல். நம் தொட்டி அதில் எட்டில் ஒரு பங்கைத்தான் பிடிக்கும். அத்தகைய நாளுக்கு ஏரியும் சதுப்பு நிலமும் கழிமுகமும் அகலமாக இருக்க வேண்டும். ஆனால் ஆண்டுதோறும் வரும் 5 செ.மீ. மழைகளில் தெரு மூழ்காமல் இருக்க, நம் மனையே போதும்.

உங்கள் பங்கு

இரண்டாம் முழுமைத் திட்டத்தின் காலம் 2026 வரை. அடுத்த இருபது ஆண்டுகளுக்கான மூன்றாம் திட்டத்தை வகுக்கும் பணியில் பொதுமக்களின் கருத்துகளும் கேட்கப்பட்டன. கருத்துச் சொல்ல வயது தடையில்லை. ஆனால் அளவு தெரிந்து சொன்னால் அதற்கு மதிப்பு அதிகம். அன்று கேள்வி கேட்ட மாணவனும் அவன் நண்பர்களும் தங்கள் தெருவில் செய்ததை நீங்களும் செய்யலாம். ஒரு நோட்டுப் புத்தகமும் அளவு நாடாவும் போதும்.

1. உங்கள் தெருவில் எத்தனை சதுர மீட்டர் மூடிய தரை, எத்தனை சதுர மீட்டர் திறந்த மண்? 5 செ.மீ. மழையில் இரண்டிலிருந்தும் வெளியேறும் நீரைக் கணக்கிடுங்கள்.

2. எத்தனை வீடுகளில் மழைநீர்க் குழி இருக்கிறது? அவற்றில் எத்தனை, வண்டல் அடைக்காமல் இன்றும் வேலை செய்கின்றன? ஒரு வாளி நீர் ஊற்றி, எத்தனை நிமிடத்தில் இறங்குகிறது என்று பாருங்கள்.

3. சாலை மட்டத்திற்கும் வாசற்படிக்கும் உள்ள வேறுபாட்டை வீடுவீடாக அளந்து எழுதுங்கள். அடுத்த மழையில் நீர் எந்த வீட்டில் முதலில் நுழையும் என்பதை அந்தப் பட்டியலே சொல்லிவிடும்.

மழை நின்று மூன்று நாளாகியும் தண்ணீர் ஏன் வடியவில்லை என்று கேட்டானே, அந்த மாணவனின் பட்டியலில் கடைசியில் இருந்தது ஒரு கூரை வீடு. தெருவிலேயே மிகத் தாழ்ந்த வாசல் அதற்கு. “அந்த வீட்டுப் பாட்டி எந்த மண்ணும் கொட்டலை சார், எந்தத் தளமும் போடலை. ஆனா எல்லார் வீட்டுத் தண்ணியும் அங்கேதான் போவுது” என்றான் அவன். கணக்கின் விடை சரியாகவே வந்திருந்தது.